கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்: பொறந்த வீட்டுச் சொத்தில் பெண்கள் செய்யும் தவறுகள்

கோபிக்கும் பெருந்துறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். அங்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிக்கிறவள் நான். 2011-லிருந்து இதே நாற்காலி. கிரயம், அடமானம், செட்டில்மென்ட் (வீட்டாருக்குத் தானமாக எழுதிக்கொடுப்பது) என்று எல்லாம் அடித்தாலும் எங்கள் கடையில் அதிகம் ஓடுவது விடுதலைப் பத்திரம்தான். அதாவது, அப்பன் சொத்தில் எனக்குள்ள பாகத்தை அண்ணனுக்கு விட்டுவிட்டேன் என்று பொம்பளைப் பிள்ளைகள் எழுதிக்கொடுப்பது. ஒரு அண்ணன் தங்கச்சிக்கு விடுதலை எழுதிக்கொடுத்து நான் அடித்தது இத்தனை வருஷத்தில் இரண்டே இரண்டு, அதிலும் ஒன்று கடன்காரர்களுக்குப் பயந்து எழுதியது.

கார் வந்து நிற்கும். முன் சீட்டில் அண்ணன், பின்னால் அம்மா, அக்கா, தங்கச்சி. நோம்பிக்குக் கட்டுகிற மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவார்கள், ஏனென்றால் முடிந்ததும் அப்படியே ஓட்டலுக்குச் சாப்பிடப் போவார்கள். 'ஆதார் எடுத்துட்டியா அம்மணி?' என்று அண்ணன் பாசமாகத்தான் கேட்பார். பத்திரத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று நான் கேட்டால், 'எங்கண்ணன் பாத்துக்குமுங்க' என்று சிரித்துவிட்டு, எங்கே கையெழுத்து என்று விரலை நீட்டுவார்கள்.

எல்லோரும் பங்கு கேட்டுக் கேஸ் போடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான், 2008-ல். விட்டுக்கொடுப்பது அவரவர் இஷ்டம். ஆனால் எதை விடுகிறோம், எவ்வளவு விடுகிறோம், அதற்கு என்ன பெயர் என்றே தெரியாமல் விடுகிறார்களே, அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கீழே சொல்வதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு.

'அதான் சீர் செஞ்சாச்சில்ல?'

முதல் தவறு இதை நம்புவது. உனக்கு அறுபது பவுன் போட்டோம், பாத்திர பண்டம் கொடுத்தோம், கார் வாங்கிக் கொடுத்தோம், தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டோம், குழந்தை காதுகுத்துக்கு மாமன் சீர் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தோம், இதற்கு மேல் பங்கு வேறயா என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சீர் செய்தால் பங்கு கழிந்துபோகும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. வரதட்சணை கொடுப்பதையும் வாங்குவதையுமே 1961-ல் குற்றமாக்கியாயிற்று. ஆக, கேட்டு வாங்கிய சீர் என்றால், ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு அதையே பங்குக்கு ஈடு என்று காட்டுகிறோம். நினைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

அந்த அறுபது பவுன் யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கல்யாணமான மறு வருஷம் தறி வாங்க, தோட்டத்தில் போர் போட, மாமனார் கடனை அடைக்க என்று அடகுக் கடைக்குப் போன நகை பாதிப் பேருக்குத் திரும்பி வருவதில்லை. கார் மாப்பிள்ளை பெயரில். அண்ணனுக்குப் போன நிலமோ அண்ணன் பெயரிலேயே இருக்கிறது, விலையும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒருத்திக்காகக் கொடுத்தது வேறு, அவளிடமே கொடுத்தது வேறு.

ஆனால் பெண்கள் கையெழுத்துப் போடுவது இந்தக் கணக்கை நம்பி என்றுகூட நான் நினைக்கவில்லை. பயம் வேறு. நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு இணைச்சீருக்கு உட்கார வைப்பது கூடப் பொறந்தவளைத்தான், சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் முன்னால், ஊர் பார்க்க. மகள் பெரிய மனுஷியானால் பச்சை ஓலையோடு வந்து நிற்க வேண்டியது தாய்மாமன்தான். புருஷன் கை நீட்டினால் பை எடுத்துக்கொண்டு போகிற இடமும் பொறந்த வீடுதான். பங்கு கேட்டால் இதெல்லாம் நின்றுபோகும் என்று யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை, சொல்லாமலே புரிந்துவிடும். இந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். அந்தக் கையெழுத்தால் அவள் வாங்குவது ஒரு கதவு திறந்திருக்கும் என்கிற உத்தரவாதத்தை. சரி, வாங்கட்டும். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு கதவு திறந்தே இருந்ததா என்று பார்த்தால், எழுதிக்கொடுத்த ரெண்டாம் வருஷமே பொங்கல் சீர் நின்றுபோன வீடுகளும் உண்டு, பங்கு வாங்கிக்கொண்ட பிறகும் அண்ணன் மாமன் சீரோடு வந்த வீடுகளும் உண்டு. கதவு அண்ணனுடைய குணத்தில் இருக்கிறது, நங்கையாளின் (அண்ணன் பெண்டாட்டியின்) குணத்திலும் கொஞ்சம். பத்திரத்தில் இல்லை.

'கல்யாணமான பொண்ணுக்கு ஏது பங்கு?'

இது பழைய சட்டத்தின் மிச்சம், அதுவும் அரைகுறையாகக் காதில் விழுந்தது. ஊரில் பெரியவர்கள் '89-க்கு முன்னால கல்யாணம் ஆனவங்களுக்குப் பங்கு கிடையாது' என்று அடித்துச் சொல்வார்கள். எங்கிருந்து வந்தது இது? பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று ஈரோட்டுப் பெரியார் 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார். அறுபது வருஷம் கழித்து, 1989-ல், கருணாநிதி ஆட்சியில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 1989 மார்ச் 25-ந் தேதியன்று கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும்தான் அது. அந்தத் தேதிதான் இன்றைக்கும் ஊர் வாயில் நிற்கிறது.

அதற்கப்புறம் 2005 செப்டம்பர் 9-ல் மத்திய அரசின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மகள் பிறந்ததிலிருந்தே மகனுக்குச் சமமான பங்காளி, கல்யாணம் ஆனதா ஆகவில்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல வருஷம் வழக்கு நடந்து, அப்படி ஒன்றும் தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் மூன்று நீதிபதிகள் அமர்வில் முடித்து வைத்தது. ஒரு விலக்கு உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாலேயே சொத்தை விற்றோ வேறு விதமாகக் கைமாற்றியோ இருந்தால், அல்லது பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் தீர்ப்போ மூலம் சொத்து பிரிந்து போயிருந்தால் அதைக் கிளற முடியாது. இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு, 'நாங்க அப்பவே வாய்ப்பேச்சுல பிரிச்சுக்கிட்டோம், கூர்சீட்டு கூட இருக்குது' என்று, பாகம் பிரித்ததைப் பதியாமல் எழுதி வைத்த பழுப்பேறிய ஒரு பேப்பரை நீட்டுகிறவர்கள் உண்டு. வாய்ப்பாகத்தைக் கோர்ட் சுலபத்தில் ஏற்காது. அரசு ஆவணங்களில் அந்தப் பிரிவினை தெளிவாகத் தெரிந்தால் மட்டும், அதுவும் அபூர்வமாக. ஆகவே கூர்சீட்டைப் பார்த்ததும் முகம் வாடிப்போய் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

இதில் இன்னொரு விஷயம் பெரும்பாலானோருக்குத் தெரியவே தெரியாது. மேலே சொன்ன சண்டையெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. அப்பா சொந்தமாக வாங்கிய சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், மகளுக்கு மகனோடு சமபங்கு 1956-லிருந்தே இருக்கிறது. 1975-ல் கல்யாணமானவளுக்கும் இருக்கிறது.

பூர்வீகமா, அப்பா வாங்கியதா

இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவது அடுத்த தவறு. கேட்டால் என்ன வித்தியாசம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒன்பது ஏக்கர் தோட்டம். அப்பா போன வருஷம் உயில் இல்லாமல் இறந்துவிட்டார். அம்மா, ஒரு மகன், ஒரு மகள்.

தோட்டம் அப்பா சொந்தமாக வாங்கியது என்றால் ஆளுக்கு மூன்று ஏக்கர், அவ்வளவுதான். பூர்வீகம் என்றால் முதலில் அப்பா, மகன், மகள் என்று மூன்றாகப் பிரியும், ஆளுக்கு மூன்று. பிறகு அப்பாவின் மூன்று ஏக்கர் அம்மா, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்று. ஆக மகனுக்கு நான்கு, மகளுக்கு நான்கு, அம்மாவுக்கு ஒன்று. இரண்டு விதத்திலும் மகளுக்கு 'ஏதோ கொஞ்சம்' என்று வரவில்லை பாருங்கள். 'உனக்கு சட்டப்படி ஒரு பத்துச் சென்ட் வரும், அதுக்குப் போய்...' என்று சொல்லிக் கூட்டிவந்த அண்ணனை நான் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டால் மூன்றரை ஏக்கர் வந்தது, அதுவும் கீழ்பவானி பாசனத்தில்.

தாத்தா வழியில் வந்ததெல்லாம் பூர்வீகம் என்று நாம் சொல்கிறோம், சட்டம் அப்படிச் சொல்வதில்லை. 1956-க்குப் பிறகு அப்பாரு, அதாவது தாத்தா, இறந்து, அவருடைய தனிச் சொத்து வாரிசாக அப்பாவுக்கு வந்திருந்தால் பெரும்பாலும் அது அப்பாவின் தனிச் சொத்தாகத்தான் கணக்காகும். தனிச் சொத்து என்றால் அப்பா யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், மொத்தமும் மகனுக்கே எழுதினாலும் செல்லும். பூர்வீகத்தில் அவருடைய பங்குக்கு மட்டும்தான் அவர் உயில் எழுத முடியும். அதனால் மூலப் பத்திரம் எப்படி வந்தது என்று ஒரு வக்கீலிடம் காட்டாமல் பங்கு இருக்கிறது என்றும் இல்லை என்றும் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே, அவர் வாங்கிய காட்டுக்கு மகளிடம் விடுதலை எழுதி வாங்குவதும் நடக்கிறது. அவளுக்கு இன்னும் வராத உரிமையை அவள் விட முடியாது, அது சட்டம். ஆனால் அதற்காகப் பணம் வாங்கியிருந்தால், பிற்பாடு வந்து கேட்கும்போது அந்தப் பணத்தைக் காட்டியே கோர்ட் கதவை மூடிவிடலாம். இப்போது அடுத்த தவறுக்கு வருகிறேன், இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

படிக்காமல் போடும் கையெழுத்து

பத்திரத்தில் வழக்கமாக வரும் வாசகம் இது, என் விரல் தூக்கத்தில்கூட அடிக்கும்: 'மேற்படி சொத்தில் எனக்குள்ள பிரிபடாத பாகத்திற்காகத் தங்களிடம் இன்று ரொக்கமாக ரூபாய் இவ்வளவு பெற்றுக்கொண்டு, பிறர் தூண்டுதலோ கட்டாயமோ இன்றி மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்.' இந்த ரூபாய் இவ்வளவு என்கிற இடத்தில் லட்சம் என்றோ இரண்டு லட்சம் என்றோ போடுவோம். பத்துக்கு எட்டுப் பேர் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். என் பத்திரத்தில் ஐம்பதாயிரம் ரொக்கம் என்று இருந்தது. நான் வாங்கியது ஒரு பட்டுச் சேலையும் மதியச் சாப்பாடும். ஐஸ்கிரீமும் உண்டு, பொய் சொல்லக் கூடாது.

உள்ளே சார்பதிவாளர் முன்னால் போட்டோ எடுப்பார்கள், விரல் ரேகை வைக்கச் சொல்வார்கள், 'சம்மதிச்சுத்தான் எழுதிக் குடுக்கறீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு 'ஆமாங்க' என்று சொன்னதோடு முடிந்தது. பின்னால் ஏமாற்றி வாங்கினார்கள் என்று தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் ரத்துக் கோரி வழக்குப் போட வேண்டும். பணம் வாங்கவே இல்லை என்பதை அன்றைக்கு நிரூபிக்க வேண்டியது நீங்கள். அதனால் பணம் கொடுக்கிறார்கள் என்றால் வங்கிக் கணக்கில் வரட்டும், காசோலை எண் பத்திரத்தில் ஏறட்டும். கொடுக்கவில்லை என்றால் 'பிரதிபலன் ஏதுமின்றி, அன்பின் காரணமாக' என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதலாம், செல்லும். அண்ணன் தயங்கினால் ஏன் தயங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

சொத்து விவரத்தைப் படிப்பதும் முக்கியம். 'கெணத்து மேட்டுக் காடு மட்டும்தான்' என்று சொல்லிக் கூட்டிவருவார்கள், தபசிலில் (சொத்து விவரப் பட்டியலில்) நாலு சர்வே நம்பர் இருக்கும். இன்னும் சிலதில், இதில் விடுபட்ட மற்ற சொத்துகளிலும் எனக்கு உரிமை இல்லை என்று கடைசியில் ஒரு வரி ஒளிந்திருக்கும். அந்த ஒரு வரியில் ஊரில் இருக்கும் வீட்டுமனையும் போய்விடும். தலைப்பையும் பாருங்கள். விடுதலை என்று சொல்லிவிட்டு, உங்கள் சார்பில் விற்கிற அதிகாரத்தைக் கொடுக்கும் பவர் பத்திரம் நீட்டினால் அது வேறு கதை. ஒன்றும் எழுதாத பேப்பரிலோ முத்திரைத் தாளிலோ போடவே போடாதீர்கள், அதைச் சொல்லவும் வேண்டுமா, ஆனால் போடுகிறார்கள்.

முத்திரைத் தீர்வை ஏறப்போகிறது, இன்றைக்கே முடிக்கணும் என்று அவசரப்படுத்துவது ஒரு வழக்கமான உத்தி. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்குத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 2023 ஜூலையிலிருந்து 40,000 ரூபாய், அதற்கு முன் 25,000. பதினைந்தாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காகக் கோடி ரூபாய்ச் சொத்தில் யாருக்கும் அவசரம் வந்துவிடாது. 'அம்மாவுக்கு மேலுக்கு முடியலை, உடனே வா' என்று போன் போட்டு வரவழைத்து, வந்து பார்த்தால் அம்மா நன்றாகத் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்த கதையும் உண்டு. முதல் நாளே நகல் கேளுங்கள். வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் அனுப்புவோம், எங்களுக்கு ஒன்றும் சிரமமில்லை.

அம்மாக்களுக்கும் ஒன்று. மகள்களோடு சேர்ந்து நீங்களும் மகனுக்கு விடுதலை எழுதிக்கொடுத்துவிடுகிறீர்கள். அந்தப் பங்கு உங்களுடையது, மகனுடைய தயவு இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசி வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு செட்டில்மென்ட்டாக எழுதுங்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. காப்பாற்றாவிட்டால் கோட்டாட்சியர் முன்னால் போய் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அதில் வழியிருக்கிறது. நிபந்தனை எழுத்தில் இருந்தால் வேலை சுலபம்.

பேர் விட்டுப்போவது

இது சுருக்கமாக. அப்பா இறந்ததும் தாசில்தார் கொடுக்கும் வாரிசு சான்றிதழில் கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரை விட்டுவிட்டு வாங்கிவிடுவார்கள், பட்டாவும் அண்ணன் பெயருக்கு மாறிவிடும். பட்டா மாறியதால் பங்கு போகாது, பட்டா உரிமைப் பத்திரம் இல்லை. ஆனால் ரோட்டுக்கோ சிப்காட் தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுத்தால் நோட்டீஸ் பட்டாவில் பெயர் இருக்கிறவருக்குத்தான் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை, சும்மா போனை நோண்டுகிற நேரத்தில், சர்வே நம்பரைப் போட்டுப் பட்டாவையும் வில்லங்கத்தையும் (அந்தச் சொத்தில் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்ற பட்டியல்) இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புருஷன் கேட்கச் சொல்வது

பங்கு வாங்கு வாங்கு என்று நச்சரிக்கிற மாப்பிள்ளைகள் எல்லாம் பெண்ணுரிமைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பொறந்த வீட்டோடு சண்டை போட்டுப் பங்கை வாங்கி, விற்று, அந்தப் பணம் மச்சாண்டாரோடு (புருஷனின் அண்ணனோடு) போட்ட தொழிலில் கரைந்து, கடைசியில் இரண்டு வீட்டிலும் முகம் கொடுக்க முடியாமல் நின்ற ஒருத்தியை எனக்கு நேரில் தெரியும். வாங்கினால் உங்கள் பெயரில், பணமென்றால் உங்கள் கணக்கில். பெண்ணின் கைக்கு வந்த சொத்து முழுக்க அவளுடையது, புருஷனின் சம்மதம் இல்லாமல் விற்கலாம், வைக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது, அதற்காகவாவது மாப்பிள்ளைகள் ஒத்துக்கொள்ளட்டும்.

பிள்ளையில்லாதவர்கள் உயில் எழுதி வையுங்கள். அப்பா அம்மா வழியில் வாரிசாக வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். நீங்களே வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கியதோ, புருஷன் முன்னாலேயே போயிருந்தால், புருஷனுடைய வாரிசுகளுக்குப் போகும். இருபது வருஷம் பனியன் கம்பெனியில் நின்று வாங்கிய இடம் யாரென்றே தெரியாத கொழுந்தன் மகனுக்குப் போவதை எந்தச் சட்டம் நியாயம் என்று சொல்கிறதோ, நம் சட்டம் சொல்கிறது.

ஓடிப்போனவளுக்கு ஒன்றுமில்லை என்பது

சாதி மாறிக் கல்யாணம் செய்தவளுக்குப் பங்கு கிடையாது என்று பஞ்சாயத்தில் சொல்வார்கள். பொய். சாதி மாறிக் கட்டிக்கொண்டதால் பங்கு போகாது. தனிச் சொத்தை அப்பா உயில் எழுதி மறுக்கலாம், அவ்வளவுதான். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வந்த பிறகு அவள் யாரைக் கட்டுகிறாள் என்பதில் வீட்டாருக்கு இன்னும் இறுக்கம் கூடியிருக்கிறது என்பது என் எண்ணம். காடு சாதியை விட்டுப் போய்விடும் என்ற பயம் மானப் பேச்சுக்கு அடியில் இருக்கிறது. உடுமலையில் 2016-ல் சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதனால் இப்படிப்பட்டவர்கள் தனியாக ஊருக்குப் போய்ப் பேசாதீர்கள், கையெழுத்துக்குக் கூப்பிட்டாலும் தனியாகப் போகாதீர்கள், வக்கீல் மூலமாகவே எல்லாம் நடக்கட்டும்.

அண்ணன்மார்கள் செய்யும் தவறு

தங்கச்சியிடம் கேட்காமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம், இனி என்ன என்று இருப்பார்கள். பிறகு ஒரு நாள் நிலத்தை விற்கவோ லோன் வாங்கவோ போனால், வங்கியின் வக்கீல் வில்லங்கத்தையும் வாரிசு சான்றிதழையும் புரட்டிவிட்டு, 'பெண் மக்கள் விடுதலை எங்கே?' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவார். அட்வான்ஸ் வாங்கியாயிற்று, கிரயத்துக்குத் தேதி வைத்தாயிற்று, அப்போதுதான் தங்கச்சி ஞாபகம் வரும். எங்கள் கடைக்கு வரும் விடுதலைகளில் பாதி இப்படி வருவதுதான்.

பெண்களுக்குச் சொல்கிறேன், பேச வேண்டிய நேரம் அதுதான். கத்த வேண்டாம், குடும்ப வாட்ஸப் குரூப்பில் சட்டப் பிரிவெல்லாம் போட வேண்டாம், போலீஸ் ஸ்டேஷனுக்கும் போக வேண்டாம், 'இது சிவில் மேட்டருங்க' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதிரில் உட்கார்ந்து, எனக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு அளவைச் சொல்லுங்கள். முழுப் பங்குதான் என்றில்லை. ரோட்டோரமாக இருபது சென்ட், அல்லது ஒரு வீட்டுமனை, அல்லது கணக்கில் பணம்.

போன வைகாசியில் ஒரு அக்கா வந்தார், ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைப் பையில் துழாவி எடுத்துப் போட்டுக்கொண்டு நான் அடித்து வைத்ததை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். 'ஏம்மிணி, ரெண்டு லச்சம் வாங்கிட்டேன்னு போட்டிருக்குது, எங்க அது?' என்று என்னிடம் கேட்டார், தம்பியிடம் கேட்கவில்லை. தம்பி, 'அது சும்மா எழுதறதுக்கா' என்றார். 'அப்பிடின்னா நானும் சும்மாத்தான் வந்தேன்' என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். இருவரும் எதிரே டீக்கடை வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றார்கள். பத்து நாள் கழித்து மறுபடி வந்தபோது அது விடுதலைப் பத்திரமாக இல்லை, பாகப்பிரிவினையாக இருந்தது. அக்காவுக்கு வாய்க்கால் ஓரமாக முக்கால் ஏக்கர். முதலில் அடித்ததெல்லாம் வீணாய்ப்போயிற்று என்று என் முதலாளி அண்ணன் முனகிக்கொண்டே இருந்தார்.

பேச்சு ஒத்துவரவில்லை என்றால் வக்கீலுக்குக் காசில்லையே என்று விட்டுவிடுவதும் தவறுதான். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் வருஷச் சட்டம் அப்படி. ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர் என்று எந்த மாவட்டக் கோர்ட்டுக்குப் போனாலும் வளாகத்துக்குள்ளேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், போனில் என்றால் 15100. மூலப் பத்திர நகல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசு சான்றிதழ், வில்லங்கம், பட்டா நகல் இவற்றை ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள், பாதி வேலை குறையும். அவர்களே அண்ணனைக் கூப்பிட்டுச் சமரசமும் பேசிப் பார்ப்பார்கள்.

என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் என் அண்ணன் கிழக்குக் காட்டைக் காட்டி லோனுக்குப் போனார். என் விடுதலைப் பத்திரம் பக்காவாக இருந்தது. வங்கி வக்கீல் அதைத் தாண்டி ஒரு தலைமுறை பின்னால் போய்விட்டார். எங்கள் அப்பாரு 1974-ல் உயில் எழுதாமல் இறந்தவர், காடு அவரே கிரயம் வாங்கியது, ஆக எங்கள் அத்தைக்கும் பங்கு உண்டு, அவர் கையெழுத்து எங்கே என்று கேட்டுவிட்டார். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, காங்கேயம் பக்கம் இருக்கிறார். கடைசியாக எப்போது அவர் வீட்டுக்குச் சீர் போனது என்று அண்ணனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அண்ணன் இரண்டு கிலோ ஆப்பிளோடு போயிருக்கிறார். அத்தை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, 'என்ற கல்யாணத்துக்கு ஏழு பவுன் போட்டதுக்கு உங்கொப்பன் கணக்கு எழுதி வெச்சிருப்பானே, அதை எடுத்துட்டு வா, பாக்கலாம்' என்றாராம். நாலு மாசமாகிறது. அண்ணன் வாரம் ஒரு தடவை போய் வருகிறார். போன வாரம் எனக்குப் போன் போட்டு, 'நீயும் கூட வா அம்மணி, நீ சொன்னாக் கேக்கும்' என்றார். எனக்கு இந்த வாரம் கடையில் வேலை ஜாஸ்தி.